கால்போத்தல் ஏந்திய பிள்ளைகள்

நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றில், சாண வறட்டி எரியும் அடுப்பருகே குந்தியிருந்து பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கள் ஊரில் மலைகள் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் மலையே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கீரிமலை என்று ஓரிடம் உண்டு, ஆனால் அங்கேயும் மலை கிடையாது, கடலோரத்தில் ஒரு கேணிதான் இருக்கிறது என்றேன். மொழிபெயர்த்த பெண் என்னிடம் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவரிடம் சொன்னாள். அடுப்பைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். இல்லாத மலைக்குப் பெயர் வைத்த ஊர்க்காரி என்று எனக்கு வெண்ணெய் போட்ட தேநீர் இன்னொரு கிண்ணம் கிடைத்தது.

எனக்குச் சொந்த ஊர் தெல்லிப்பழை. யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலை பழகி, எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மலைநாட்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து ஆறிய பிறகு சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பழுதாகும். முகம் வீங்கிய பிறகுதான் வீட்டார் கவனிப்பார்கள். அதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஊர் ஊராக ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. நாட்கணக்கில் மூச்சு வாங்க ஏறிப்போய், "பிள்ளைகளின் சிறுநீர் வேண்டும்" என்று கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

எண்பத்து நாலாம் ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு பெட்டி சோதனைக் குச்சிகள் கொண்டுவந்தேன். அது என் பள்ளித் தோழி சறோவுக்காக. அவள் வடமராட்சிக் கிழக்குக் கரையில் மருத்துவிச்சியாக இருந்தாள். அந்தக் கரையில் ஒரு கிராமத்தில் சிரங்கு பரவி, பிள்ளைகளின் முகம் வீங்குகிறது, ஒருக்கால் வந்து பார் என்று சொல்லியனுப்பியிருந்தாள். கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கொழும்பிலிருந்து வந்த ரெயிலில் கொடிகாமத்திலேயே இறங்கிவிட்டேன். இதை எழுதும் இன்று அந்த ரெயில் ஓடுவதில்லை. தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் குளிர்நாட்டு ரெயில்களில் போகும்போது கண்ணை மூடினால், கொடிகாமம் மேடையில் அன்று வீசிய மாம்பழ வாசம் இன்றும் வருகிறது. சந்தைக்குப் போகும் சாக்குகள் மேடை ஓரம் அடுக்கியிருந்தன. சோளகக் காற்று பனையோலைகளை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் பனங்கூடல் காணாத கண்ணுக்கு அந்த மட்டமான நிலம் முழுவதும் வானமாகவே தெரிந்தது.

அண்ணை காருடன் காத்து நின்றார். அவர் கணித ஆசிரியர். கார் அப்பா விட்டுப்போன பழைய ஒஸ்ரின்.

"அண்ணை, இது அந்த மணலுக்குள்ளை போகுமோ?" என்று கேட்டேன்.

"போகும். திரும்பி வருமோ எண்டதுதான் கேள்வி."

சந்தைக்கருகே நிறுத்தி ஒரு கடையில் தோசையும் சம்பலும் சாப்பிட்டோம். மலையில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு மரத்துப் போயிருந்தது. நான் தோசை தோசையாகக் கேட்பதைப் பார்த்த அண்ணை, "அங்கை உனக்குச் சாப்பாடு தாறவையோ, இல்லையோ?" என்று கேட்டார்.

வரணியைத் தாண்டிய பிறகு வீதி ஒடுங்கியது. பிறகு தார் முடிந்தது. பிறகு வீதியே முடிந்தது. வெள்ளை மணற்குன்றுகள், தாழம்பற்றைகள், அப்பால் கடல். யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்க வேண்டிய நிலம் அது ஒன்றுதான். சறோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள். சைக்கிள் அங்கே ஏறி ஓடுவதற்கல்ல, சாமான் கட்டித் தள்ளுவதற்கு.

"எடி, கறுத்துப் போனாய்," என்றாள் என்னைப் பார்த்து.

"மலை வெயில். உன்னை விடக் கறுக்கேல்லை," என்றேன்.

கிராமம் ஒரே தெரு. இரு பக்கமும் கிடுகு வேலி, நடுவில் அந்தோனியார் கோயில், கோயிலை ஒட்டி ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம். அன்று பின்னேரம் வீடு வீடாகப் போய்ப் போத்தல் கொடுத்தோம். மருந்துப் போத்தல்கள் போதாமல், தவறணைக்காரரிடம் கேட்டு சறோ வெறும் சாராயக் கால்போத்தல்களை எடுத்து அவித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதினோம். காலையில் எழும்பியதும் முதல் போகும் சிறுநீர் வேண்டும் என்று விளக்கினோம்.

"பால் விடாத பிளேன்ரீ நிறத்திலை போகுதோ எண்டு பாருங்கோ," என்று சறோ ஒவ்வொரு தாயிடமும் சொன்னாள். 'தேத்தண்ணி நிறம்' என்று நான் மலையில் சொன்னால் அவர்கள் வெண்ணெய்த் தேநீரை நினைத்துக் குழம்புவார்கள். இங்கே எல்லோருக்கும் உடனே புரிந்தது.

ஒரு வீட்டின் படலை மட்டும் எங்களைக் கண்டதும் சாத்திக்கொண்டது. சறோ குரல் கொடுக்கவில்லை. போத்தலை வேலியோரம் வைத்துவிட்டு நடந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் நான் கேட்டேன்.

"திரேசா," என்றாள். "போன வருஷம் அவளின்ரை மூத்தவன் அன்ரனுக்கு முகம் வீங்கி, மூத்திரம் நிண்டு போச்சு. நான்தான் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டனான். பிந்திப் போச்சு. அடுத்த நாள் பெடியனைப் பிரேதமாய்த்தான் திருப்பிக் கொண்டு வந்தவை. அதுக்குப் பிறகு அவள் என்னோடை கதைக்கிறேல்லை."

"அது உன்ரை பிழை இல்லையே."

"எனக்குத் தெரியும். அவளுக்கு ஆர் சொல்லுறது?"

பொழுது சாயக் கடற்கரையில் எங்களுக்குக் கூழ் கிடைத்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில், நண்டும் மீனும் இறாலும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சிய கூழ். பனையோலைப் பிளாவில் வார்த்துத் தந்தார்கள். கண்ணில் தண்ணீர் வர உறைப்பு. அண்ணை மூன்றாம் பிளாவை நீட்டும்போது, கரைவலைக்காரர் ஒருவர், "மாஸ்ரர் கணக்குப் பிழைவிடுறார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கரையில் அன்று குடித்த கூழுக்கு ஈடாக நான் பிறகு எந்த நாட்டிலும் எதுவும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தின் முன் வரிசை நின்றது. சின்னதும் பெரிதுமாகப் பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் சாராயக் கால்போத்தல். சில பெண்பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சட்டைக்குள் மறைத்திருந்தார்கள். அண்ணை சற்று எட்டி நின்று பார்த்துவிட்டு, "பாதர் இப்ப வந்தால் எங்களைத்தான் பூசைக்கு முதல் விசாரிப்பார்," என்றார்.

மலையில் குளிரில் விரல் விறைக்கும். குச்சியைப் பிடிக்க முடியாமல் அடுப்புப் பக்கத்தில் போய் உட்காருவோம். இங்கே வேர்வையும் உப்புக்காற்றும் குச்சிகளைப் பழுதாக்கிவிடும் என்று பயம். டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். குச்சியை நனைத்து எடுத்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சைக்கு மாறினால் சிறுநீரில் புரதம் போகிறது என்று பொருள். சில பிள்ளைகளுக்கு இலேசான பச்சை. சறோ அவர்களைத் தனியே இருத்தினாள். மற்றதெல்லாம் மஞ்சள்.

அப்போதுதான் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்து நின்றது. பெயர் றெஜினா. போத்தலை நீட்டியபோது நான் போத்தலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். கண் இமைகள் உப்பி, கன்னம் மினுங்கியது. காலில் ஆறிய சிரங்கின் தழும்புகள். குச்சியை நனைத்தேன். நல்ல மஞ்சள்.

இன்னொரு குச்சி எடுத்தேன். அதுவும் மஞ்சள். சறோவைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரேசாவின் பிள்ளை என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளை, இது உன்ரையோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ்ஸி. தம்பியின்ரை," என்றாள் றெஜினா ஒளிவு மறைவில்லாமல். "அம்மா இதைத்தான் குடுக்கச் சொன்னவ."

தனக்குத் தலை வலிப்பதாகவும் காலையில் சாப்பிட்டதைச் சத்தி எடுத்ததாகவும் சொன்னாள். இரத்த அழுத்தம் பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடாத அளவு. சறோவை நான் கூப்பிடவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகவே அந்தப் படலைக்குப் போனேன். சறோ தானாகவே பின்னால் வந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

திரேசா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"ஏன் தம்பியின்ரையைக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"இவளின்ரையைக் குடுத்தால் கொண்டுபோவியள்," என்றாள். "போன முறையும் உப்பிடித்தான். ஒண்டுமில்லை, வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனவை. பெட்டியிலைதான் திரும்பி வந்தவன்."

நான் குச்சி டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். றெஜினாவைச் சிறுநீர் எடுத்துவரச் சொன்னேன். கொண்டு வந்தது நல்ல சாயத் தேநீரின் நிறம். திரேசாவின் கையிலேயே ஒரு குச்சியைக் கொடுத்தேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நனைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது பச்சையாகி, கரும்பச்சையாகியது. தம்பியின் போத்தலிலும் ஒன்றை நனைத்துப் பார்க்கச் சொன்னேன். அது மஞ்சளாகவே நின்றது. இரண்டு குச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இவளும் போயிடுவாளோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை மலையிலும் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பையன், இதே வீக்கம், இதே நிறம். ஆஸ்பத்திரிக்கு நாட்கணக்கில் நடக்க வேண்டும். தகப்பன் அவனை முதுகுக் கூடையில் இருத்திப் புறப்பட்டான். அன்று பின்னேரமே பனி கொட்டத் தொடங்கியது. நாங்கள் அடுத்த மலைக்குப் போய்விட்டோம். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே கார் இருந்தது. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி.

"பொய் சொல்ல மாட்டன்," என்றேன். "இப்பவே கொண்டுபோனால் சுகம் வாற பிள்ளையள்தான் கூடுதல். வைச்சிருந்தால் எனக்குத் தெரியாது."

திரேசா எழுந்து படலையடிக்கு வந்தாள். வெளியே நின்ற சறோவிடம் நேராகப் பேசினாள். கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு.

"போன முறை கொண்டுபோய் விட்டிட்டு நீங்கள் வந்திட்டியள். எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது. ஆரைக் கேக்கிறது, எங்கை போறது எண்டு தெரியாமல் விறாந்தையிலை நிண்டனான். இந்த முறை நீங்களும் என்னோடை நிக்கவேணும்."

சறோவின் முகம் கறுத்துச் சிறுத்தது. "நிக்கிறன்," என்றாள். "பிள்ளை சுகமாகி வரும் வரைக்கும் நிக்கிறன்."

கார் புறப்பட்டுக் கூப்பிடு தூரம் போவதற்குள் மணலில் இறங்கிவிட்டது. அண்ணை முடுக்க முடுக்கச் சக்கரம் புதைந்தது. கடைசியில் காரின் வயிறு மணலில் படிந்தது. றெஜினா பின்சீற்றில் தாயின் மடியில் மறுபடியும் சத்தி எடுத்தாள். நான் கரைக்கு ஓடினேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் திரேசாவின் கணவர் மரியானும் நின்றார். பாதி வலை கடலில் கிடந்தது. மரியான் கயிற்றை விட்டார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு கணம் கடலைப் பார்த்தார், பிறகு, "வலை கிடக்கட்டும், வாங்கோடா," என்றார்.

வலைக்கயிற்றைக் காரின் முன்பக்கம் கட்டி, இரண்டு வரிசையாக நின்று, வலை இழுக்கும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு காரை இழுத்தார்கள். அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கார் அசைந்தது. பிறகு தோணி மாதிரி வழுக்கிக்கொண்டு கெட்டித் தரைக்கு வந்தது. மரியானும் ஏறிக்கொண்டார். உடம்பெல்லாம் ஈரமும் மணலுமாக, செருப்பில்லாமல்.

கொடிகாமம் சந்தியில் இராணுவ வாகனங்கள் நின்றன. கார்களை வரிசையில் மறித்திருந்தார்கள். ஓர் இளம் சிப்பாய் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றேன். அவன் றெஜினாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தான். "என் தங்கைக்கும் இந்த வயதுதான், சீக்கிரம் போங்கள்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு முன்னால் நின்ற லொறியை ஒதுங்கச் சொல்லிக் கையசைத்தான். அண்ணை அதன்பிறகு யாழ்ப்பாணம் வரும்வரை காரை எங்கும் நிறுத்தவில்லை. கார் ஓடிய வேகத்தை அப்பா பார்த்திருந்தால் சாவியைப் பறித்திருப்பார்.

பெரியாஸ்பத்திரியில் உடனே வாட்டில் எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. "கொஞ்சம் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும்," என்று டொக்டர் சொன்னார். அந்த வார்த்தையைத் திரேசாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று சறோ என்னைக் கையால் தடுத்தாள்.

சறோ சொன்னபடி நின்றாள். பக்கத்துப் பகுதி மருத்துவிச்சியிடம் தன் வேலையைப் பாரம் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாள். திரேசா மறுபக்கம். முதல் நாள்களில் இரண்டு பேரும் மருந்து, தண்ணி, நேரம் இவற்றைத் தவிர எதுவும் கதைக்கவில்லை. ஒருநாள் நான் போனபோது சறோ றெஜினாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். திரேசா சீப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

நான் ஒவ்வொரு காலையும் தெல்லிப்பழையிலிருந்து பஸ்ஸில் வருவேன். டொக்டர் வருவதற்கு முன்பே திரேசா என்னிடம் ஒரு குச்சி கேட்பாள். தானே நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "நேற்றையிலும் பாக்க வெளிறிப் போச்சு, மிஸ்ஸி," என்பாள். பெரும்பாலும் சரியாகவே சொன்னாள்.

றெஜினாவுக்கு நோயைவிடப் பெரிய துன்பம் உப்பில்லாத சாப்பாடு. கருவாட்டு வாசத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. உப்பில்லாத சோற்றையும் பருப்பையும் கண்டதும் முகத்தைத் திருப்புவாள். "மணலைத் திண்ட மாதிரிக் கிடக்கு," என்பாள். ஒருநாள் வாட்டில் திரியும் பூனை அவள் தலையணையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரு கருவாட்டுத் துண்டு. அடுத்த கட்டில்காரரின் சாப்பாட்டுப் பொதியிலிருந்து எடுத்தது. திரேசா கையை ஓங்கினாள், ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன்.

இதற்கிடையில் டொக்டர் ஒருவர் சறோவின் கிராமத்துக்குப் போய்ச் சிரங்குப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு வந்தார். அண்ணைதான் கூட்டிப் போனார். இம்முறை காரைத் தார் முடிகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நடந்ததாகவும், கூழ் கிடைத்ததாகவும் சொன்னார். எத்தனை பிளா என்று நான் கேட்கவில்லை.

என் விடுமுறை முடிகிற வாரத்தில் றெஜினாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீக்கம் வற்றி, அவளுக்கு ஒரு சின்னக் கூர்முகம் வந்திருந்தது. அதுதான் அவளுடைய உண்மையான முகம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பருத்தித்துறை பஸ்ஸுக்காக நிலையத்தில் நின்றோம். மரியான் றெஜினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்புச்சாறு வாங்கப் போனார். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியே திரேசா சொன்னாள்.

"மிஸ்ஸி, வாற மாசம் அன்ரனின்ரை ஆண்டுப் பூசை."

என்னிடம் சொல்கிறாள் என்று திரும்பினேன். அவள் சறோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசை முடிய வீட்டை சாப்பாடு. நீங்களும் வரவேணும். வந்து எங்களோடை இருந்து சாப்பிடவேணும்."

சறோ கையிலிருந்த பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். சுற்றிலும் கச்சான் கடலை விற்பவர்களும் கொண்டக்டர்மாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், வாறன்," என்றாள்.

பஸ் வந்தது. ஒரே சீற்றில் றெஜினாவை நடுவில் இருத்திக்கொண்டு சறோவும் திரேசாவும் உட்கார்ந்தார்கள். மரியான் மிதிபலகையில் நின்றார். றெஜினா ஜன்னல் வழியாக எனக்குக் கையை ஆட்டவில்லை. அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் புதினம் இருந்தது. பஸ் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, நான் ரெயில் ரிக்கற் எடுக்கப் போனேன்.